உங்களுக்குத் தெரியுமா? பின்கோடுக்குள் ஒளிந்திருக்கும் பகா எண்கள்

● டெல்லி பின்கோடுகள் 110 என்று தொடங்கும். 110001 முதல் 110099 வரையுள்ள 99 எண்களில் பகா எண்கள் எட்டே எட்டு: 110017, 110023, 110039, 110051, 110059, 110063, 110069, 110083. இந்த அளவு பெரிய எண்களில் சராசரியாகப் பன்னிரண்டு எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண் என்கிறது பகா எண் தேற்றம். கணக்கு சரியாகவே வருகிறது.

● மாளவியா நகர் (110017), சரோஜினி நகர் (110023), உத்தம் நகர் (110059) வாசிகள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அவர்கள் பின்கோடு 1-ஐயும் அதே எண்ணையும் தவிர வேறு எதற்கும் வகுபடாது. டெல்லித் தமிழ்ச் சங்கம் இருக்கும் ஆர்.கே.புரம் 110022, இரட்டைப்படை. கன்னாட் பிளேஸின் 110001? இலக்கங்களைக் கூட்டினால் 3. ஆகவே 3-ஆல் வகுபட்டுவிடும்.

● ஐ.ஏ.எஸ். தேர்வு நடத்தும் யு.பி.எஸ்.சி.யின் பின்கோடு 110069. இது பகா எண்தான் என்று உறுதிசெய்ய எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டாம். அதன் வர்க்கமூலம் 331-ஐச் சற்றே தாண்டும். எனவே 331 வரையுள்ள 67 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

● அதே 110069-இல் இன்னொரு விசேஷம். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில். 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்ன விதி இது. 110069-க்கு விடை: 110² + 313². டெல்லியின் அடையாளமான 110 உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

● தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியின் 110021 பார்வைக்குப் பகா எண் போலிருக்கும். உண்மையில் அது 269 × 409. இரண்டு பகா எண்களின் பெருக்கல். இணையத்தில் தகவல்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்கப் பூட்டும் இதே அச்சில் வார்த்ததுதான். பெருக்குவது நொடி வேலை; பெருக்கியதை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் விழி பிதுங்கும். 2048 பிட் பூட்டில் அந்தப் பெருக்குத்தொகைக்கு 617 இலக்கங்கள்.

● ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாக, ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லும் பொதுவழியை 2002-இல் கண்டுபிடித்தவர்கள் நம்மவர்கள். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும். 2006-இல் அவர்களுக்குக் கணினியியலுக்கான கோடெல் பரிசு கிடைத்தது. அந்த முறை ‘பகா எண் இல்லை’ என்று சொல்லும். எதனால் வகுபடும் என்று சொல்லாது. அதனால் ஆர்.எஸ்.ஏ. பூட்டுக்கு ஆபத்தில்லை.

● இதுவரை தெரிந்த மிகப் பெரிய பகா எண் 2024 அக்டோபரில் சிக்கியது. 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. அந்த 13,62,79,841-உம் பகா எண்தான். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாகத் தூங்காமல் வாசித்தாலும் 474 நாள் தாண்டும். கணினியின் இரும எண் முறையில் எழுதினால் முழுக்க 1, 1, 1 மட்டுமே!

● சென்னை பாரிமுனையின் 600001 எப்படி? 3, 7, 11, 13, 17 எதற்கும் மசியாது. 19-இடம் மாட்டிக்கொள்ளும்: 19 × 23 × 1373. உங்கள் பின்கோடு?