சிடி போட இடம் எங்கே?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். "சார், நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன், சிடி போட இடமே இல்லையே! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" ஏமாற்றவில்லை. இன்று விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவ் கிடையாது. டிரைவை எடுத்துவிட்டால் எடை குறைகிறது, தடிமன் குறைகிறது. சாப்ட்வேர் எல்லாம் இன்டர்நெட் வழியாகவே வந்துவிடுகிறது. ஆகவே கம்பெனிகளுக்கு இதில் கவலை இல்லை.

கவலை நமக்குத்தான். டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் கல்யாண சிடி, காதுகுத்து டிவிடி, பையனின் ஆண்டு விழா சிடி என்று அடுக்கி வைத்திருக்கிறோமே, அவற்றை எதில் போடுவது?

இந்த மாற்றங்களைப் பற்றி வீடுகளில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். கம்பெனி விளம்பரங்களைவிட அவர்கள் பேச்சில் விஷயம் அதிகம் இருந்தது.

எங்கள் மாடி வீட்டில் இருப்பவர் பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஒரே படத்தை மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். கேசட்டாக ஒன்று, விசிடியாக ஒன்று, டிவிடியாக ஒன்று. இப்போது அதே படத்துக்கு மாதச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். இனி புதிதாக ஒரு பெட்டி வாங்கமாட்டேன்" என்றார். அவர் கோபம் நியாயமானது. என் அண்ணியின் குறை வேறு மாதிரி. "மூன்று ரிமோட். அத்தை எதை அழுத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். டிவியை ஆன் செய்தால் நேராகப் படம் வரவேண்டாமா? முதலில் விளம்பரப் பலகை போல ஒன்று வருகிறது. இன்று ஒரு பெயர், நாளை ஒரு பெயர்." அதுவும் உண்மைதான். 2015-ல் ஹாட்ஸ்டார் என்று வந்தது 2020-ல் டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டார் ஆனது, 2025-ல் ஜியோ ஹாட்ஸ்டார் ஆகிவிட்டது. அக்கா பையன் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. "டிஸ்க் எதற்கு மாமா? எல்லாம்தான் நெட்டில் இருக்கிறதே!"

எல்லாம் இருக்கிறதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஜெயித்ததும் தோற்றதும்

நல்ல படத் தரம் தரும் தொழில்நுட்பம்தான் ஜெயிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வீடுகளில் அப்படி நடக்கவில்லை. விசிடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் வந்த தரம் அது. படத்தின் அளவு வெறும் 352க்கு 288 புள்ளிகள். ஏறக்குறைய விஎச்எஸ் கேசட்டின் தெளிவுதான். ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, சில சமயம் மூன்று டிஸ்க் வேண்டும். கதாநாயகன் சண்டைக்குக் கிளம்பும் நேரத்தில் எழுந்து போய் டிஸ்க் மாற்றவேண்டும். அமெரிக்காவில் விசிடியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இங்கே தெருவுக்குத் தெரு ஓடியது. பிளேயர் விலை குறைவு, டிஸ்க் விலை அதைவிடக் குறைவு. 21 அங்குலப் பழைய டிவியில் பார்க்கும்போது தரத்தில் பெரிய குறையும் தெரியவில்லை. திருட்டு விசிடி பெருகி, 2004-ல் தமிழக அரசு அதைக் குண்டர் சட்டத்தின் கீழேயே கொண்டுவரும் அளவுக்குப் போனது. பிறகு 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி என்று ஒரிஜினலையே மலிவாகக் கொண்டுவந்தது. அந்த விலைக்குப் பலர் ஒரிஜினலுக்கு மாறினார்கள்.

அதற்கு நேர்மாறான கதை எச்டி டிவிடிக்கும் புளூ-ரேவுக்கும் நடந்த போட்டி. இரண்டும் 2006-ல் கடைக்கு வந்தன. 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. புளூ-ரே ஜெயித்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஜெயித்த புளூ-ரே நம் ஊரில் எத்தனை வீட்டுக்குள் வந்தது? உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

3டி டிவியும் அப்படித்தான். 2010-ல் இனி எல்லாமே 3டிதான் என்றார்கள். டிவியோடு இரண்டு கண்ணாடி கொடுத்தார்கள். நம் வீட்டில் ஆறு பேர்! படுத்துக்கொண்டு பார்க்கமுடியாது, சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால் கண்ணாடியில் ஆவி படியும். 2017-ல் சோனியும் எல்ஜியும் அந்த டிவிகளை நிறுத்திவிட்டன. கம்ப்யூட்டரை ஹாலுக்குக் கொண்டுவர மைக்ரோசாப்ட் 2002-ல் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் என்று ஒன்றை வெளியிட்டது. டிவி பார்க்கலாம், ரெக்கார்டு செய்யலாம், போட்டோ பார்க்கலாம். நல்ல சாப்ட்வேர் என்பேன். ஆனால் டிவி சுவிட்சைப் போட்டதும் ஓடும். கம்ப்யூட்டர் பூட் ஆகும்வரை யார் காத்திருப்பது? 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் அதை எடுத்தேவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது என் அண்ணி போன்றவர்களின் தீர்ப்புதான் கடைசியில் நிற்கிறது. விலை கட்டுப்படியாகிறதா, வீட்டில் எல்லோராலும் இயக்க முடிகிறதா, ஏற்கெனவே இருப்பதோடு ஒத்துப்போகிறதா? இவற்றைத்தான் வீடுகளில் பார்க்கிறார்கள்.

நெட்டில் இல்லாதது

ஒரே ஒரு விஷயத்தில் வீடுகளின் கணக்கு தப்பாகிவிடுகிறது. டிஸ்க்கும் கேசட்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் அது.

அக்கா பையன் சொல்வது சினிமாவுக்கு ஓரளவு சரி. ஓரளவுதான். உரிமம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து போய்விடும். காசு கொடுத்து வாங்கினால்கூட உத்தரவாதம் இல்லை. மைக்ரோசாப்ட் தன் ஸ்டோரில் விற்ற மின்புத்தகங்களை 2019 ஜூலையில் எல்லோருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகம் போனது போனதுதான். சினிமாவாவது இன்னொரு இடத்தில் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கல்யாண கேசட் எந்த நெட்டில் இருக்கிறது?

என்னோடு வேலை பார்த்த ஒருவரின் கல்யாணம் 1994-ல் நடந்தது. அவருடைய அப்பா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அப்பாவின் குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரு விஎச்எஸ் கேசட்டில் மட்டும்தான். எடுத்துப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பீரோவில் வைத்த கேசட்டுக்கு இது சகஜம். பூஞ்சையோடு டெக்கில் போட்டு ஓட்டினால் ஹெட் கெடும், நாடாவும் அறுந்துபோகலாம். பழைய வீடியோக்காரர் ஒருவர் நாடாவைப் பொறுமையாகத் துடைத்துச் சுற்றி, முக்கால்வாசியை மீட்டுக் கொடுத்தார். அதில் பந்தியில் சாம்பார் வரவில்லை என்று அப்பா சத்தம் போடும் இடம் அரை நிமிடம் வருகிறது. நண்பர் தாலி கட்டும் காட்சியைவிட அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.

விசிஆர் தயாரித்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதனால் ஓடும் டெக் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகிறது. டிஸ்க்குக்கும் அதே நிலைமைதான் வந்துகொண்டிருக்கிறது. ரெக்கார்டு செய்யும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

இப்போது செய்யவேண்டியது

வீட்டில் டிவிடி டிரைவ் உள்ள பழைய டெஸ்க்டாப் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் பலர் பழைய கம்ப்யூட்டரை விற்க நினைக்கிறார்கள். இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு, டிஸ்க் படிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். பழையது இல்லாதவர்கள் யுஎஸ்பி-யில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினால் போதும். விண்டோஸ் 8-லிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு வருவதில்லை. டிஸ்க் போட்டும் படம் வராவிட்டால் டிரைவைக் குறை சொல்லாமல் இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரை நிறுவிப் பாருங்கள்.

கல்யாண விசிடி என்றால் டிஸ்க்கைத் திறந்து எம்பெகாவ் என்ற ஃபோல்டருக்குள் போங்கள். அங்கே டாட் என்று முடியும் பெரிய ஃபைல்தான் படம். அதை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் விஎல்சி ஓட்டும். டிவிடி என்றால் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள். ஒரு டிஸ்க் அதிகபட்சம் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிபி.

எந்த டிஸ்க்கை முதலில் எடுப்பது? டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நல்ல வெள்ளி நிறமாக இருந்தால் பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சடித்தது, அவசரமில்லை. பச்சை, நீலம் அல்லது ஊதாச் சாயல் தெரிந்தால் ஸ்டூடியோவில் ரைட்டரில் எழுதியது. அதில் தகவல் பதிவாவது ஒரு சாயத்தில். வெயிலும் வெப்பமும் பட்டால் அந்தச் சாயம் கெடும். குடும்ப வீடியோக்கள் எல்லாம் இந்த வகைதான். பாதியில் நின்று நின்று ஓடுகிறது என்றால் அதுதான் எச்சரிக்கை மணி. அந்த டிஸ்க்கை அன்றே காப்பி செய்துவிடுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிப்பதும் உண்டு.

காப்பியை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டாம். இன்னொரு காப்பி வேறு வீட்டில், தங்கை வீட்டிலோ மகள் வீட்டிலோ, இருக்கட்டும். பென் டிரைவை நிரந்தரச் சேமிப்பாக நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

விஎச்எஸ் கேசட்டை வீட்டிலேயே மாற்ற ஓடும் விசிஆர் வேண்டும், மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர்களைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவியும் வேண்டும். மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஒன்றிரண்டு கேசட்தான் என்றால் ஸ்டூடியோவில் கொடுப்பதே லாபம். கொடுக்கும்போது இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள். கேசட்டை அவர்களே மாற்றுகிறார்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அனுப்புகிறார்கள் என்றால் எத்தனை நாளில் திரும்பும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். டிவிடியில் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம், எம்பி4 ஃபைலாக உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஏற்றித் தரச் சொல்லுங்கள். மணிக்குச் சுமார் 2 ஜிபி வரும்படி இருந்தால் தரம் நன்றாக இருக்கும். அசல் கேசட்டை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.