குட்டையில் பிறந்து கடல் தாண்டும் தட்டான்

மாலத்தீவில் ஆறு கிடையாது. பெய்கிற மழையைப் பவள மணல் அப்படியே உறிஞ்சிவிடும். தட்டான் முட்டையிடவோ தேங்கிய நன்னீர் வேண்டும். ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் மாலே நகரத் தெருக்களில் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக வந்து மொய்க்கும். சில நாளில் காணாமல் போகும். பிறகு அடுத்த கூட்டம் வரும்.

எங்கிருந்து? அங்கே வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009-இல் ஒரு விடை சொன்னார்: இந்தியாவிலிருந்து, கடல் தாண்டி. தரையை ஒட்டி எதிர்க்காற்று வீசும் நேரம் அது. ஆனால் 1,000 மீட்டருக்கு மேலே வடகிழக்குக் காற்று தொடங்கியிருக்கும். தட்டான் ஏறிக்கொள்வது அதில்தான். நூல் கட்டிப் பறக்கவிட்டு நாம் பாடாய்ப்படுத்தினோமே, மஞ்சள் பழுப்பில், விரல் நீளம்கூட இல்லாத அதே பூச்சி!

அதன் இறக்கையே பிறப்புச் சான்றிதழ். மழைநீரில் சாதாரண ஹைட்ரஜனோடு கனமான ஹைட்ரஜனும் கொஞ்சம் உண்டு. அந்த விகிதம் ஊருக்கு ஊர் மாறும். குட்டையில் வளரும் இளம்புழு அந்த நீரின் கணக்கை உடம்பில் ஏற்றிக்கொள்கிறது. இறக்கை ஒருமுறை முளைத்துவிட்டால் பிறகு எத்தனை குளத்துத் தண்ணீர் குடித்தாலும் அந்தக் கணக்கு மாறாது. மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறக்கைகளை 2012-இல் சோதித்தபோது, அவை வட இந்தியாவிலோ அதற்கும் வடக்கிலோ பிறந்தவை என்று தெரிந்தது.

ஏன் இந்த அலைச்சல்? நிலையான குளத்தில் மீன் இருக்கும், புழுவைத் தின்றுவிடும். மழைக்குட்டையில் அந்தப் பயம் குறைவு, ஆனால் அது சில வாரங்களில் வற்றிவிடும். அதற்குள் வளர்ந்து கிளம்பியாக வேண்டும். ஆகவே பருவமழை எங்கே நகர்கிறதோ அங்கே தட்டானும் நகர்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கா போய், தென்மேற்குக் காற்றோடு திரும்பும் இந்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது ஆண்டர்சனின் கணிப்பு. ஒரே பூச்சி இதை முடிப்பதில்லை. நான்கு தலைமுறை கைமாற்றி முடிக்கின்றன.

காற்று தட்டானைச் சுமக்கிறது. தட்டானோ, அதே காற்றில் ஆப்பிரிக்கா போகும் அமூர் வல்லூறுக்கு நடுக்கடலில் இரையாகிறது என்று கருதப்படுகிறது. இத்தனைக்கும் முதல், ஏதோ ஒரு வயலோரத்துக் குட்டை. கொசுவுக்குப் பயந்து நாம் மண்ணெண்ணெய் ஊற்றுகிற குட்டையும் அதுதான். உள்ளே தட்டானின் புழு கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருக்கும்.