ஒலிப்பதிவுக்கூட ஒலிபெருக்கிகளின் மின்வழங்கல் பழுதுகள்

ஸ்டூடியோ மானிட்டர் என்பது, பதிவு செய்யப்பட்ட ஒலியை மிகைப்படுத்தாமல் உள்ளவாறே கேட்பதற்கு ஒலிப்பதிவுக்கூடங்களில் பயன்படும் ஒலிபெருக்கி ஆகும். ஆம்ப்ளிஃபயர் எனப்படும் பெருக்கிச் சுற்றும் அதற்கான மின்வழங்கியும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே அமைந்திருந்தால், அது திறனூட்டிய ஒலிபெருக்கி எனப்படுகிறது. பின்லாந்தின் ஜெனலெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட எஸ்30 இவ்வகையின் தொடக்ககால மாதிரிகளுள் ஒன்று. மின்வழங்கி உள்ளே இருப்பதால், வெளிநாட்டில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் ஒலிபெருக்கிகளில் மின்சாரம் சார்ந்த பழுதுகள் தோன்றக்கூடும்.

மின்னழுத்த வேறுபாடு

வீடுகளுக்கு வழங்கப்படும் மின்னழுத்தமும் அலைவெண்ணும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

* இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், ஐரோப்பிய நாடுகள்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்
* அமெரிக்கா, கனடா: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்
* சப்பான்: 100 வோல்ட், கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ்

ஒலிபெருக்கியின் பின்புறத்தில் அது ஏற்கும் மின்னழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். "100–240 வோல்ட்" என்றிருந்தால் இந்தியாவில் நேரடியாகப் பயன்படுத்தலாம். 115, 230 என இரு நிலைகள் கொண்ட தெரிவு ஆளி இருந்தால், மின்சாரம் இணைக்கும் முன்பே அதை 230இல் வைக்க வேண்டும். "120 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இன்றியமையாதது.

பிளக் பொருந்துவதால் மின்னழுத்தம் பொருந்திவிடுவதில்லை. பல ஒலிபெருக்கிகளின் பின்புறக் குழி, மேசைக் கணினியில் உள்ளதைப் போன்ற அனைத்துலகச் செந்தர அமைப்பாகும். எனவே இந்தியக் கணினியின் மின்கம்பி, 120 வோல்ட் ஒலிபெருக்கியிலும் தடையின்றிப் பொருந்தும். பிளக் அடாப்டரும் முனைகளின் வடிவத்தை மட்டுமே மாற்றும்.

தவறான மின்னழுத்தத்தின் விளைவு

இரும்பு உள்ளகம் கொண்ட 120 வோல்ட் மின்மாற்றிக்கு 230 வோல்ட் கொடுத்தால் உள்ளகம் காந்தச் செறிவடையும். முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பன்மடங்காகி, பியூஸ் எனப்படும் உருகி எரியும் அல்லது சுருள் கருகும்.

தெரிவு ஆளி கொண்ட சுவிட்ச் முறை மின்வழங்கிகளுள் பல, 115 நிலையில் மின்னழுத்தத்தை இரட்டிக்கும் சுற்றாக இயங்குகின்றன. 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். அது இரட்டிக்கப்பட்டால் 650 வோல்ட்டாகும். இதைத் தாங்க இயலாமல் மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும். சில கருவிகளில் வேரிஸ்டர் என்னும் காப்புறுப்பு முதலில் குறுக்கிணைந்து உருகியை எரித்துவிடுவதால் எஞ்சிய சுற்று தப்புகிறது.

குறைப்பு மின்மாற்றி அலைவெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்த மின்மாற்றியை அதே மின்னழுத்தத்தில் 50 ஹெர்ட்ஸில் இயக்கினால், உள்ளகத்தின் காந்தப் பாயம் 20 விழுக்காடு கூடும். எனவே அது வழக்கத்தைவிடச் சூடாகலாம். 150 வாட் நுகரும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு 500 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி போதிய இடைவெளி தரும்.

உள்ளூர் மின்வழங்கல்

மின்னழுத்தம் பொருந்திய ஒலிபெருக்கியும் உள்ளூர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தால் பழுதாகலாம். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்வழுத்த இணைப்புகளில் 6 விழுக்காட்டுக்கு மிகாத மாற்றத்தையே ஏற்றன. 230 வோல்ட்டுக்கு இது ஏறத்தாழ 216 முதல் 244 வரை ஆகும். ஆயினும் மதுரை மாவட்டம் எழுமலை போன்ற பேரூராட்சிகளிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், பாசன மோட்டார்கள் இயங்கும் நேரத்தில், பகிர்மான மின்மாற்றியிலிருந்து தொலைவில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் இதற்கும் கீழே தாழக்கூடும். அப்போது ஒலிபெருக்கி இரையலாம் அல்லது தானே நின்றுவிடலாம். இதற்கு ஸ்டெபிலைசர் உதவும்.

மேல்நிலைக் கம்பிகளில் நடுநிலைக் கம்பி அறுந்தால், சில வீடுகளில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். விளக்குகள் திடீரென மிகப் பிரகாசமாக எரிந்தால் முதன்மை ஆளியை உடனே அணைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012இல் நீண்ட நேர மின்வெட்டுகள் நிலவியபோது இன்வெர்ட்டர்களின் பயன்பாடு பரவியது. சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் மின்மாற்றி கொண்ட ஒலிபெருக்கி ரீங்கரிக்கும். சைன் அலை வகையே ஏற்றது. மின்வெட்டின்போது ஒலிபெருக்கியை அணைத்துவைத்து, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் கழித்து இயக்குவது நல்லது.

பழுதைக் கண்டறியும் வரிசை

1. பின்புறக் குறிப்பையும் தெரிவு ஆளியையும் சரிபார்க்க வேண்டும்.
2. அதே மின்பொருத்துவாயில் வேறொரு கருவி இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும்.
3. காத்திருப்பு நிலையா என அறிய, ஒலிக்குறிகை கொடுத்துப் பார்க்க வேண்டும். மின்சிக்கனத்துக்காகச் சில மாதிரிகள் ஒலி இல்லாதபோது தாமே உறங்கிவிடும். இது பழுதன்று.
4. நல்ல நிலையில் உள்ள வேறொரு மின்கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும்.
5. மின்கம்பியைக் கழற்றிய பின் உருகியைச் சோதிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவும் வகையும் கொண்ட உருகியையே பொருத்த வேண்டும். 230 நிலைக்கான உருகியின் அளவு, 120 நிலைக்கானதில் ஏறத்தாழ பாதியாக இருக்கும்.
6. புதிய உருகியும் உடனே எரிந்தால் பழுது உள்ளே உள்ளது. மேலும் முயலாமல் தொழில்நுட்பரிடம் கொடுக்க வேண்டும்.

இரைச்சல் மட்டும் இருந்தால் ஒலிக்கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது பெரும்பாலும் கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிலான எர்த் கண்ணியால் வருவது. நிற்காவிட்டால் மின்வழங்கியின் மின்தேக்கி தளர்ந்திருக்கலாம்.

பாதுகாப்பு

இரைச்சலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் முனையை நீக்குவது உயிருக்கு ஆபத்தானது. உள்ளே மின்காப்பு பழுதுபட்டு உலோகப் பகுதியில் மின்சாரம் பாய்ந்தால், எர்த் இணைப்பே அதைத் தரைக்குக் கடத்தி உருகியை எரியச் செய்கிறது. எர்த் இல்லையெனில் தொடுபவரின் உடல் வழியே மின்சாரம் பாயும். இரு முனை வெளியீடு மட்டும் கொண்ட குறைப்பு மின்மாற்றிகளிலும் இக்குறை உண்டு. எனவே மூன்று முனைத் தொடர்ச்சி உள்ள மின்மாற்றியையே தெரிவுசெய்ய வேண்டும். எர்த் கண்ணி இரைச்சலை, இரண்டு கருவிகளையும் ஒரே மின்பொருத்துவாயிலிருந்து இயக்கியும் சமநிலைக் கம்பிகளைப் பயன்படுத்தியும் குறைக்கலாம்.

எரிந்த உருகிக்கு மாற்றாகச் செப்புக் கம்பியைச் சுற்றினால், அடுத்து எரிவது கருவியாகவோ வீடாகவோ இருக்கலாம். மின்தேக்கிகள் மின்கம்பியைக் கழற்றிய பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருப்பதால், பயிற்சி இல்லாதோர் ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறத்தல் கூடாது.