குண்டு வீழும் கணக்கு

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளிற் கல்லெறிந்து வளர்ந்த சிறுவர் எவர்க்கும் ஓர் உண்மை தெரியும். அண்மையிலுள்ள காயை வீழ்த்த அக்காயையே நோக்கி எறியலாம்; சேய்மையிலுள்ள காயை வீழ்த்தவோ, அதற்குச் சற்று மேலே நோக்கி எறிதல் வேண்டும். எவ்வளவு மேலே என்பதை அவர்க்கு எவரும் கற்பித்திலர். பன்முறை தவறிய கை தானே கற்றுக்கொண்டது. கல்லுக்குரிய இவ்விதி துப்பாக்கிக் குண்டுக்கும் உரியதே. ஆயினும், குண்டின் வேகம் நம் கண்ணை மயக்கிவிடுகின்றது. அது நேர்கோட்டிற் செல்லுவதாக நம்மிற் பலர் கருதுகின்றோம்.

யானும் அவ்வாறே கருதியிருந்தேன். தேசிய மாணவர் படைப் பயிற்சியின்போது, இருபத்தைந்து மீட்டர் தொலைவுக்கெனக் குறி சீர் செய்யப்பெற்ற சிறு துப்பாக்கியைக்கொண்டு ஐம்பது மீட்டரிலுள்ள இலக்கைச் சுடும் வாய்ப்பு ஒருநாள் எனக்குக் கிட்டியது. ஐந்து குண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி விழுந்தன; ஆனால், ஐந்தும் நடுவிற்கு இரண்டு விரற்கடை கீழே விழுந்தன. துப்பாக்கி பழுதுடையது என்று உடனிருந்தவரிடம் முறையிட்டேன். அதே துப்பாக்கியை வாங்கிய அடுத்த மாணவர், நடுவிற்குச் சற்று மேலே குறிவைத்து நடுவையே துளைத்தார். அன்று எனக்குண்டான நாணமே இக்கட்டுரைக்கு வித்து. எண்ணும் எழுத்தும் இரு கண்கள் என்பர். தமிழ் மாணவனாகிய யான் அவற்றுள் ஒன்றை மூடிக்கொண்டன்றோ சுட்டேன்!

குண்டு ஏன் வீழ்கின்றது? குழலின் வாயை நீங்கிய கணமே அதனைப் புவி தன்பால் ஈர்க்கத் தொடங்குகின்றது. முன்னோக்கிச் செல்லும் வேகம் எத்துணைப் பெரிதாயினும் அவ்வீர்ப்பை அது தவிர்ப்பதில்லை. எறிபொருள் முன்னோக்கிச் செல்வதும் கீழ்நோக்கி வீழ்வதும் தனித்தனியே நிகழ்வன என்பதைக் கலிலியோ தம் 1638ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். ஆகவே, காற்றின் தடையை ஒருவாறு மறந்துவிட்டால், சமதரைக்கு இணையாகச் சுடப்பட்ட குண்டும், அதே உயரத்திலிருந்து அதே கணத்திற் கையினின்று நழுவிய குண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்.

இதிலிருந்து முதல் எளிய முறை பிறக்கின்றது. குண்டு இலக்கையடைய எத்தனை விநாடி செல்லும் எனக் காண்க, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்குக, பின்னர் 4.9 ஆற் பெருக்குக. வருவது மீட்டர்க் கணக்கில் வீழ்ச்சியாம். விநாடியிற் பத்திலொரு பங்குக்கு வீழ்ச்சி 5 சென்டிமீட்டர். பத்தில் இரண்டு பங்குக்கு 20. பத்தில் மூன்று பங்குக்கு 44. அரை விநாடிக்கு 122. இந்நான்கு எண்களையும் மனத்தில் இருத்திக்கொண்டவர்க்குத் தாளும் எழுதுகோலும் பெரும்பாலும் வேண்டா.

பத்து மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியைக் காண்க. அதன் சிறுகுண்டு விநாடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர் வேகத்திற் புறப்படுகின்றது. பத்து மீட்டரைக் கடக்க 0.057 விநாடி ஆகும். அதற்குள் அது 16 மில்லிமீட்டர் வீழ்ந்துவிடுகின்றது. பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டமோ அரை மில்லிமீட்டரே! அஃதாவது, நம் வகுப்பறையின் நீளத்தளவே உள்ள தொலைவிலும் வீழ்ச்சி இலக்கைப்போல் முப்பது மடங்குக்கு மேற்படுகின்றது. 1999ஆம் ஆண்டு கடலூரிற் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ நகரத்து உலகக்கோப்பைப் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றது இத்துப்பாக்கியைக்கொண்டே. அவ்வீழ்ச்சியை முன்னரே கணித்துக் குறிபார்க்கும் கருவியைத் திருத்தி வைத்திருப்பதாலேயே, சுடுவோர் அதனை ஒவ்வொரு முறையும் எண்ணவேண்டிய தொல்லையின்றிச் சுடுகின்றனர்.

இரண்டாவது முறை இன்னும் எளிது. வீழ்ச்சி நேரத்தின் வர்க்கத்தை ஒத்ததாதலால், வேகம் மாறாதிருக்குமாயின் அது தொலைவின் வர்க்கத்தையும் ஒத்ததாம். தொலைவு இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்திற் புறப்படும் 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கிக் குண்டு 100 மீட்டரில் ஏறத்தாழ 7.7 சென்டிமீட்டர் வீழும். இவ்வொன்றை அறிந்தால் 200இல் 31, 300இல் 69, 500இல் 191 என வாயாலேயே சொல்லிவிடலாம்.

ஆயின் இவ்விடத்தில் ஓர் இடர் உண்டு. குண்டின் வேகம் மாறாதிருப்பதில்லை. இதனை உலகிற்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர், நம் தமிழ்நாட்டு மண்ணில் உயிர்நீத்த ஓர் ஆங்கிலேயர் என்பதை நம்மிற் பலர் அறியோம். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் பாத் நகரிற் பிறந்தவர். அவர் காலத்துக்கு முன்னிருந்த அறிஞர் பலர், காற்று மெல்லிய பொருளாதலால் விரைந்து செல்லும் குண்டை அது பெரிதும் தடுக்காது எனக் கருதினர். ராபின்ஸ் அதனை நம்பினாரல்லர். அளந்து பார்க்கத் துணிந்தார்.

அதற்கு அவர் அமைத்த கருவி ஓர் ஊசல். கனத்த மரக்கட்டையொன்றைத் தொங்கவிட்டு அதிற் குண்டைச் சுட்டார். குண்டு கட்டையிற் புதைய, கட்டை பின்னோக்கி ஆடியது. அதனோடு இணைத்த நாடா இழுபட்ட நீளத்தைக்கொண்டு ஆட்டத்தை அளந்தார். குண்டைப்போல் ஆயிரம் மடங்கு எடையுள்ள கட்டை விநாடிக்கு அரை மீட்டர் வேகம் பெறுமாயின், குண்டின் வேகம் ஏறத்தாழ 500 மீட்டர் என்பது வெளிப்படை. கண்ணாற் காணவொண்ணாத வேகத்தைத் தொட்டிலின் ஆட்டம்போன்ற மெல்லிய ஆட்டமாக மாற்றி அளந்த அறிவின் நுட்பத்தை என்னென்பது! அக்கருவியைச் சிறிது தூரத்தில் வைத்தும், மேலும் சிறிது தூரத்தில் வைத்தும் சுட்டுப் பார்த்தபோது, காற்றின் தடை எவரும் எண்ணியதற்கு மேலாகப் பன்மடங்கு பெரிதென்பது புலனாயிற்று. காற்றே இல்லையெனின் 500 மீட்டர் வேகமுள்ள குண்டு நாற்பத்தைந்து பாகைச் சாய்விற் சுடப்பட்டால் 25 கிலோமீட்டர் செல்லும். அக்காலத்து உருண்டைக் குண்டு உண்மையில் ஒரு மைலையும் எட்டுவதில்லை.

இவற்றையெல்லாம் அவர் 1742இல் நூலாக வெளியிட்டார். 1745இல் கணித மேதை ஆய்லர் அதனை விரிவுரையுடன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியார் ராபின்ஸைத் தம் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியியல் தலைவராக அமர்த்தினர். அவர் 1750இல் இந்தியா வந்தார். கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் திட்டங்கள் வகுத்தார். மறு ஆண்டே காய்ச்சலுற்று, 1751 ஜூலை 29ஆம் நாள் தாவீது கோட்டையில் இறந்தார். அக்கோட்டையையும் 1758இல் பிரெஞ்சுக்காரர் இடித்தனர். கெடிலத்தின் கழிமுகத்தில் இன்று எஞ்சியிருப்பன சிதைவுகளே. ஆனால் அவர் கண்ட உண்மை சிதையவில்லை. நெடுந்தொலைவிற் சுடுவோர் ஒவ்வொருவரும் அதனைக் கணக்கிற் கொண்டே ஆகவேண்டும்.

எவ்வாறு கொள்வது? இங்கே மூன்றாவது முறை உதவுகின்றது. தொடக்க வேகத்தை மட்டும் கொண்டு கணித்தால் வீழ்ச்சி உண்மையிலும் குறைவாக வரும், இது கீழெல்லை. உண்மையிற் சென்ற விநாடியைக்கொண்டு கணித்தால் வீழ்ச்சி உண்மையிலும் மிகுதியாக வரும், ஏனெனில், காற்று குண்டின் முன்செலவை மட்டுமன்றிக் கீழ்வீழ்தலையும் சிறிது தடுக்கின்றது, இது மேலெல்லை. உண்மை இவ்விரண்டிற்கும் இடையே, கீழெல்லையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேலே நிற்கும். முன் சொன்ன குண்டு 300 மீட்டரை அடையும்போது அதன் வேகம் 620 மீட்டர் அளவிற்குக் குறைந்திருக்கும் எனக் கொள்வோம். சராசரி வேகம் 710. செல்லும் நேரம் 0.42 விநாடி. கீழெல்லை 69 சென்டிமீட்டர், மேலெல்லை 86, இடைவெளி 17. அதில் மூன்றில் இரண்டு பங்கு 11. ஆகவே வீழ்ச்சி 80 சென்டிமீட்டர். இத்தகைய குண்டிற்கு மனத்திற் கொள்ளத்தக்க குறிப்பொன்றும் உண்டு: கீழெல்லையோடு 300 மீட்டரில் ஆறிலொரு பங்கும், 500இல் மூன்றிலொரு பங்கும் கூட்டுக, 1000இல் அதனை ஏறத்தாழ இரட்டிக்க. அவ்வாறாயின் ஆயிரம் மீட்டரில் வீழ்ச்சி 15 மீட்டராம்! இங்கிலாந்திற் பிஸ்லி என்னுமிடத்தில் 1890 முதல் நடைபெறும் போட்டிகளில் ஆயிரம் கஜத் தொலைவிலும் சுடுவதுண்டு. அங்கே குண்டு ஒரு தென்னையின் உயரத்திற்கொப்ப வீழ்ந்தே இலக்கையடைகின்றது.

இனி, இவ்வீழ்ச்சியைத் துப்பாக்கியில் எவ்வாறு ஈடுசெய்வது என்பதைக் காண்போம். குறிபார்க்கும் கருவியின் திருகு, நீளத்தை அளப்பதன்று, கோணத்தை அளப்பது. அதற்குரிய அளவு 'மில்' எனப்படும். ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டரும், நூறு மீட்டரிற் பத்துச் சென்டிமீட்டரும் ஒரு மில்லாம். எனவே, வீழ்ச்சியின் சென்டிமீட்டரை, நூறு மீட்டர்க் கணக்கிலமைந்த தொலைவின் பத்து மடங்கால் வகுத்தால் மில் வரும். ஆனால் துப்பாக்கி முன்னரே நூறு மீட்டருக்குச் சீர் செய்யப்பட்டிருக்குமாயின், குழல் பார்வைக் கோட்டினின்றும் சற்று மேல்நோக்கிச் சாய்ந்தே இருக்கும், அச்சாய்வை மறத்தலாகாது. நூறு மீட்டரில் 8 சென்டிமீட்டர் ஏற்றம் 300 மீட்டரில் 24 ஆகும். பார்வைக் கோடு குழலுக்கு 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பின், அதனால் 300 மீட்டரில் மேலும் 8 சென்டிமீட்டர் ஏற்றம் கிடைக்கும். 80இல் இவையிரண்டையும் கழிக்க, எஞ்சுவது 48. அதனை 30ஆல் வகுக்க 1.6 மில். திருகை அவ்வளவு திருப்பினாற் போதும்.

என் ஐந்து குண்டுகளின் கதையும் இதுவே. அச்சிறு துப்பாக்கிக் குண்டின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர். அது 25 மீட்டரில் 3 சென்டிமீட்டரும், 50 மீட்டரில் 12 சென்டிமீட்டரும் வீழும். இருபத்தைந்திற் செய்த 3 சென்டிமீட்டர் ஏற்றம் ஐம்பதில் 6 ஆகும்; பார்வைக் கோட்டின் உயரம் 2 சேர்க்கும்; எஞ்சிய வீழ்ச்சி 4 சென்டிமீட்டர். அஃதாவது, இரண்டு விரற்கடை! துப்பாக்கி பொய் சொல்லவில்லை. யானே அதன்மேற் பொய்ப்பழி சுமத்தினேன்.

இறுதியாக, மேட்டிலும் பள்ளத்திலும் உள்ள இலக்குகளைப் பற்றிச் சிறிது. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருவண்ணாமலையின் அடியில் நின்று உச்சியை நோக்கும்போது, கண்ணுக்கும் உச்சிக்கும் இடையிலுள்ள சாய்தொலைவு வேறு. தரைமேற் கிடைமட்டமாக அளந்த தொலைவு வேறு. இத்தகைய சாய்வை மனத்தில் வரைந்துகொள்க. புவியீர்ப்பு கிடைத்தொலைவிற்கேற்பவே குண்டைப் பாதையினின்றும் விலக்குகின்றது. ஆதலால், முப்பது பாகைச் சாய்வில் 400 மீட்டர் தூரத்திலுள்ள இலக்கிற்கு, 400ஐ 0.866 ஆற் பெருக்கி, 346 மீட்டருக்குரிய திருத்தமே செய்தல் வேண்டும். மேல்நோக்கிச் சுடினும் கீழ்நோக்கிச் சுடினும் இவ்விதி ஒன்றே. இதனை மறந்தவர் இரு நிலையிலும் இலக்கிற்கு மேலேயே சுடுவர். சாய்வு மிகச் செங்குத்தாகவோ தொலைவு மிகப் பெரிதாகவோ இருப்பின் இவ்வெளிய விதி சிறிது பிழைபடும்.

வெப்பமும் மலையின் உயரமும் காற்றை மெலியச்செய்து வீழ்ச்சியைக் குறைக்கும். பக்கக் காற்று குண்டைப் பக்கவாட்டில் ஒதுக்கும். இவையனைத்தையும் கணித்துச் சொல்லும் கருவிகள் இன்று கைப்பேசியிலேயே வந்துவிட்டன. தொலைவை லேசர் ஒளி நொடியில் அளந்துவிடுகின்றது. ஆயினும், கருவிக்குத் தவறான எண்ணைக் கொடுத்தால் அது தவறான விடையையே அஞ்சாது கூறும். அவ்விடை தவறென்று கண்டுகொள்ள, மனக்கணக்கறிந்த ஒருவர் வேண்டும்.

இலக்கை இயம்புவது இலக்கியம் என்று எங்கள் தமிழ் வகுப்பிற் சொல்வதுண்டு. இலக்கைக் காண்பது மட்டும் போதாது. இலக்கிற்கும் நமக்கும் இடையே நம்மை இழுத்துத் தாழ்த்துவது எது, எவ்வளவு என்பதையும் அறிந்து, அவ்வளவிற்கு உயர்த்திக் குறிவைத்தல் வேண்டும். தவறிய பின் கருவியைப் பழிக்குமுன், கணக்கை ஒருமுறை சரிபார்த்தல் நன்று. அடுத்த பயிற்சியில் யான் சுட்ட ஐந்தில் மூன்று குண்டுகள் நடுவட்டத்தில் விழுந்தன. எஞ்சிய இரண்டிற்கும் காரணம் புவியீர்ப்பன்று. என் கை நடுக்கமே.