எட்டு நாளில் வேட்பாளர் ஆக முடியாது

2004 டிசம்பர் 26 காலை நல்லவாட்டில் ஒலிபெருக்கி அலறிய கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் மீனவர் ஊர் அது. சிங்கப்பூரில் வேலைபார்த்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டுத் தொலைபேசியில் பதறினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. ஏறக்குறைய 3,600 பேர் கரையைவிட்டு விலகித் தப்பினார்கள். கதையைச் சொல்பவர்கள் தொலைபேசியையும் ஒலிபெருக்கியையும் புகழ்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அந்தக் கருவிகளை இயக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் அலை வருவதற்கு வெகுநாள் முன்பே அங்கே இருந்தார்கள் என்பதுதான். வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1998 முதல் இந்த வட்டார கிராமங்களில் நடந்துவந்த பழக்கம் அது. அன்று காலையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நேரம் இருந்திருக்காது.

உள்ளாட்சித் தேர்தலும் இப்படித்தான் வந்து நிற்கும், அதுவும் புதுச்சேரியில். இங்கே 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். இடைவெளி 38 ஆண்டுகள். அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அவற்றின்கீழ் வரும் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் அதன்பின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகள் பொறுப்பிலேயே ஓடின. 2021-ல் தேதிகூட அறிவித்தார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்குமான இட ஒதுக்கீட்டு ஆணை திரும்பப் பெறப்பட்டது, கண்டனம் கிளம்பியது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, தேர்தல் நின்றது. இந்தக் குழப்பத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கட்சிகள் கணக்குப் பார்த்தன. பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் புறம்போக்குகளிலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்கள் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. இருளர்கள் தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தால் 2016 டிசம்பர் வரை அந்தத் தகுதி இல்லை, ஏனென்றால் அதுவரை இங்கே பழங்குடிப் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. அந்த மாதம் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் வில்லி, வேட்டைக்காரர் என்ற பெயர்களையும் சேர்த்து இருளரைப் பட்டியலில் ஏற்றியது. ஆகவே 2006 தேர்தலில் பழங்குடியினருக்கு ஓர் இடம்கூட ஒதுக்கியிருக்க வழியில்லை. அடுத்து எப்போது தேர்தல் நடந்தாலும் இவர்கள் பழங்குடியினர் என்ற தகுதியோடு சந்திக்கும் முதல் உள்ளாட்சித் தேர்தல் அதுதான். சூளையிலும் தோப்புக் காவலிலும் காலம் கழித்தவர்களில் யார் வேட்பாளர், யார் முகவர், யார் கணக்கு எழுதுவது? இதற்கான பயிற்சி இன்றைக்கே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தைப் பாருங்கள். 2021-ல் அங்கே ஊரகத் தேர்தலுக்கு வேட்புமனு வாங்கியது செப்டம்பர் 15 முதல் 22 வரை. அதற்கு முன் 2019-ல் மற்ற மாவட்டங்களில் டிசம்பர் 9 முதல் 16 வரை. இரண்டு முறையும் எட்டு நாள்; ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் ஏழு. அதற்குள் வாக்காளர் பட்டியலில் தன் பெயரின் பாகம் எண், வரிசை எண் பார்க்க வேண்டும். முன்மொழிபவர் வேண்டும். வைப்புத்தொகை கட்ட வேண்டும். ஒதுக்கீட்டு இடமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். பள்ளிப் படியேறாத பெற்றோருக்குப் பிறந்தவர் விண்ணப்பித்தால், அப்பாவின் சான்று எங்கே என்ற கேள்வியிலேயே மாதங்கள் போய்விடும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போனவர் திரும்பி வரும்போது பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஒதுக்கீட்டு இடம் ஒன்று இருந்தும் மனுத்தாக்கலுக்கு ஆள் இல்லையென்றால், தோப்பு முதலாளியோ சூளை முதலாளியோ தனக்குத் தோதான ஒருவரைக் கூட்டிவந்து கைநாட்டு வைக்கச் சொல்வார். ஊரில் இதற்கு ‘டம்மி’ என்று பெயர்.

வெற்றி பெற்றபின்தான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டு ஊராட்சிச் சட்டப்படி காசோலையில் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதாது, துணைத்தலைவரும் போட வேண்டும். தலைவரை ஊரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். தலைவர் பதவியை ஒதுக்கீட்டில் விட்டுக்கொடுத்த ஆதிக்கச் சாதி, வார்டுகளைப் பிடித்து இரண்டாவது கையெழுத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். தெருவிளக்கு மாற்றிய கடைக்காரருக்குப் பணம் போகாது, குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் போகாது, கெட்ட பெயர் மட்டும் தலைவருக்கு வந்து சேரும். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதித் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் 2020-ல் வெளிவந்தபோது நாடே பதறியது. நாற்காலி கண்ணுக்குத் தெரியும். போடாத கையெழுத்து எந்தப் படத்திலும் விழாது. ஆகவே நல்ல பயிற்சி என்பது மேடையில் பேசக் கற்றுத்தருவதோடு நிற்காது. தலைவர் பதவிக்கு ஓர் ஆளை நிறுத்தும்போதே எத்தனை வார்டில் யாரோடு சேர்ந்து யாரை நிறுத்துவது, துணைத்தலைவர் தேர்தலன்று நம் பக்கம் வாக்களிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவும் சொல்லித்தர வேண்டும்.

இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வெல்ஸ்டோன் ஆக்‌ஷன் என்ற அமைப்பு நடத்திய முகாம்களில் வீடு வீடாகப் போய்ப் பேசுவது, நன்கொடை கேட்பது, எத்தனை வாக்கு வேண்டும் என்று கணக்கிடுவது போன்றவற்றைக் கற்றுத்தந்தார்கள். பூர்வகுடியினருக்கென்று தனித் திட்டமும் அதில் இருந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ஓஜிப்வே இனத்துப் பெக்கி ஃபிளானகன் 2018-ல் அந்த மாநிலத்தின் துணை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் ஊருக்கு அதை அப்படியே தூக்கிவர முடியாது; அங்கே வேட்பாளரை மடக்குவது பணம், இங்கே பணத்தோடு சாதியும் கூலியும் சேர்ந்து மடக்குகின்றன. நம் அரசும் பயிற்சி தராமல் இல்லை. மறைமலைநகரில் இருக்கும் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு வகுப்பு நடத்துகிறது. ஆனால் அது வென்றுவந்தவர்களுக்கு. மனுத்தாக்கல் மேசை வரைக்கும் வர முடியாதவருக்கு அந்த வகுப்பால் என்ன பயன்?

மறுப்புகள் சில உண்டு. வெளியிலிருந்து வரும் தொண்டு நிறுவனம் ஆளைத் தயார் செய்தால் அவர் அந்த நிறுவனத்தின் ஆளாகத்தானே இருப்பார் என்பது ஒன்று. இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் விவரம் தெரியாதவர் இப்போதும் யாரோ ஒருவரின் ஆளாகத்தான் இருக்கிறார். வரவு செலவுப் பதிவேட்டைத் தானே படிக்கத் தெரிந்தவரை ஆட்டிவைப்பது கொஞ்சம் கடினம், சொல்லிக்கொடுத்தவருக்கும் சேர்த்து. எண்ணிக்கையில் சிறிய சமூகம் எப்படி ஜெயிக்கும் என்பது அடுத்தது. கிராம வார்டு என்பது சில நூறு வாக்குகள். ஐம்பது வாக்குள்ள ஒரு குடியிருப்பு பிரியாமல் நின்றால், ஜெயிக்காவிட்டாலும் ஜெயிப்பவர் யார் என்பதைச் சொல்லலாம். பட்டாவும் மயானப் பாதையும் அப்படிப்பட்ட பேரத்தில்தான் கிடைக்கும். கடைசியாக, உயிருக்கு ஆபத்து. 1997-ல் பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார். ஒதுக்கீட்டு ஊராட்சிகளான பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து ஆண்டுகள் முறையான தேர்தல் நடத்த விடவில்லை; 2006-ல்தான் நடந்தது. பயிற்சி கத்தியைத் தடுக்காது. புகாரை யாரிடம் எழுத்தில் கொடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எப்படி வழக்குப் பதிய வைப்பது என்பதாவது அதில் இருக்கவேண்டும். அதற்குமேல் பொறுப்பு காவல்துறையுடையது.

தேர்தலே இல்லாத ஊரில் எதற்குப் பயிற்சி என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. பழங்குடியினருக்கு எத்தனை இடம் என்பது மக்கள்தொகையை வைத்து முடிவாகிறது. மக்கள்தொகை என்பது வெளியான கடைசிக் கணக்கெடுப்பின் எண். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பழங்குடித் தொகை பூஜ்யம். இருளர் இங்கே பழங்குடியாக எண்ணப்படும் முதல் கணக்கெடுப்பு 2027-க்கு உரியது. கணக்கெடுப்பாளர் ஏரிக்கரைக் குடிசைக்கு வந்து சாதி என்ன என்று கேட்கும்போது வீட்டில் பெரியவர்களில் கிழவி மட்டும் இருப்பார்; மற்ற பெரியவர்கள் சூளையில். கிழவி ‘வில்லி’ என்று சொன்னால் அதைப் பட்டியலில் உள்ள பெயராகக் கணக்கெடுப்பாளர் பதிய வேண்டும், வேறெதிலும் போட்டுவிடக் கூடாது. பக்கத்தில் நின்று அதைப் பார்த்துச் சொல்ல, எட்டாவது வரை படித்த பேத்தி ஒருத்தி போதும். முதல் வகுப்பை அவளுக்கு நடத்தலாம்.