குடிலுக்கு என்னென்ன வேண்டும்?

திருவருகைக்காலம் பிறந்ததுமே நம் வீடுகளில் ஒரு கணக்கும் பிறந்துவிடுகிறது. போன ஆண்டு வாங்கிய சீரியல் லைட் இன்னும் எரியுமா, நட்சத்திரம் புதிதாக வாங்க வேண்டுமா, குடிலில் எந்தச் சுரூபம் உடைந்திருக்கிறது என்று தொடங்கி, கேக், புத்தாடை, பலகாரம் என்று வளர்ந்து, சில வீடுகளில் அது அடகுக் கடை வரை போய் நிற்கிறது. பிள்ளைகளுக்காகத்தானே என்று சொல்லிக்கொள்கிறோம். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்குக் காரணம் எதிர்வீட்டு மாடியில் தொங்கும் நட்சத்திரம்.

அன்பார்ந்தவர்களே, கடைக்குப் போகும் முன் இன்று சற்று நின்று, குடிலுக்கு உண்மையில் என்னென்ன வேண்டும் என்று கேட்டுப் பார்ப்போம். இந்தக் கேள்விக்கு நமக்கு முன்பே விடை கண்டவர் தூய பிரான்சிஸ் அசிசியார்.

1223ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் பிரான்சிசின் சபை ஒழுங்குக்கு ஒப்புதல் தந்தார். அதற்கடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவின்போது பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் இருந்தார். விழாவுக்கு ஏறத்தாழ பதினைந்து நாள் முன்னதாக, அந்தப் பகுதியில் வாழ்ந்த யோவான் என்ற நண்பரை அழைத்து, அவர் தயார் செய்யச் சொன்னவை மூன்றே: வைக்கோல் இட்ட தீவனத்தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. பெத்லகேம் குழந்தைக்கு எவையெல்லாம் இல்லாமல் போயின என்பதைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அன்றிரவு சுற்றுவட்டார மக்கள் தீப்பந்தங்களோடும் மெழுகுதிரிகளோடும் மலையேறி வந்தார்கள். தீவனத்தொட்டியின் மீதே திருப்பலி நிறைவேறியது. திருத்தொண்டராக இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். பிரான்சிசின் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா இவற்றையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் குடிலில் ஒரு சுரூபம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மரியா இல்லை, யோசேப்பு இல்லை, இடையர்கள் இல்லை. வந்து நின்ற மக்களே இடையர்கள். (மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியிலும் இல்லை. தன் உடைமையாளரை மாடு அறியும், தன் தலைவரின் தொட்டியைக் கழுதை அறியும் என்ற பொருளில் எசாயா முதல் அதிகாரத்தில் வரும் இறைவாக்கோடு அவற்றைத் திருஅவை தொன்றுதொட்டே இணைத்துப் பார்த்து வந்திருக்கிறது.)

அந்தக் கிரேச்சோவுக்கே 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் சென்று, குடிலைப் பற்றிய ஒரு திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். குடில் ஆண்டுதோறும் ஒரேபோல இருக்கலாம், மாறியும் இருக்கலாம். அது நம் வாழ்வோடு பேசவேண்டும் என்பதே முக்கியம் என்று அதில் அவர் சொல்லியிருந்தார். இந்த அளவுகோலை வைத்து நம் ஊர்க் குடில் போட்டிகளைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. மோட்டார் வைத்த அருவி கொட்டுகிறது, ரயில் ஓடுகிறது, தெர்மாகோல் மலையில் பனி பெய்கிறது. குழந்தை இயேசுவைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இளைஞர்களின் உழைப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த தெர்மாகோல் மக்காது என்பதையும், ஜனவரியில் அது நம் தெருக் குப்பையில் கிடந்து நொறுங்குகிறது என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? வீடு முழுவதையும் அலங்கரிக்க முனையாமல் ஓர் இடத்தை மட்டும் தேர்ந்துகொள்வோம். மாலைச் செபத்துக்கு நாம் கூடும் இடமே அதற்கு ஏற்றது. அங்கே இருக்கும் பொருள்களை எடுத்துவிட்டுத் துடைத்து வெறுமையாக்குவதுதான் முதல் அலங்காரம்.

டிசம்பர் 14, 15 வாக்கில் ஒரு கைப்பிடி கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, மண் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளில் தூவி, மேலே மெல்ல மண் போர்த்தி, தினமும் தண்ணீர் தெளித்து வந்தால், விழா நாளில் குடிலுக்குப் பச்சைப் புல் தயார். நெல்லோ கோதுமையோ போட்டாலும் முளைக்கும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது நல்லது. தினமும் காலையில் எழுந்ததும் முளை வந்ததா என்று ஓடிப்போய்ப் பார்க்கும் பிள்ளைக்குத் திருவருகைக்காலக் காத்திருப்பை நாம் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நட்சத்திரத்தையும் வீட்டிலேயே கட்டலாம். ஒரே நீளமுள்ள பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தைக் கொண்டு இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் கட்ட வேண்டும். பிறகு உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்தால் நடு வயிறு உப்பி நிற்கும். கலர் பேப்பரை மைதாப் பசையால் ஒட்டி, பல்பு நுழைய ஒரு பக்கம் மட்டும் திறப்பு விட்டால் போதும். சூடேறாத சிறிய எல்இடி பல்பையே போடுங்கள். குடிலின் வைக்கோலுக்குள் எந்த விளக்கையும் செருகாதீர்கள். நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செல்லுங்கள்.

சுரூபங்கள் பழையவையே இருக்கட்டும். காது உடைந்த கழுதையைப் பசை போட்டு ஒட்டி வைத்தால், அது தாத்தா காலத்துக் கழுதை என்று சொல்ல ஒரு கதையும் கிடைக்கும். தீவனத்தொட்டி மட்டும் 24ஆம் தேதி இரவு வரை காலியாக இருக்கட்டும். திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று உரோமைக் குழந்தைகள் தங்கள் வீட்டுக் குடிலின் குழந்தை இயேசுவைப் புனித பேதுரு வளாகத்துக்குக் கொண்டுவந்து, மூவேளைச் செபத்தின்போது திருத்தந்தையின் ஆசீரைப் பெற்றுச் செல்வார்கள். அதுவரை அவர்கள் வீட்டுத் தொட்டியும் காலிதான். நம் வீட்டிலும் குழந்தை இயேசுவை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்து, திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டிலேயே சிறிய பிள்ளை கொண்டுவந்து கிடத்தட்டும்.

இன்னொன்றையும் இங்கே பேச வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்த ஆண்டில் நட்சத்திரம் கட்டாமல், பலகாரம் சுடாமல் இருப்பது நம் பல ஊர்களின் வழக்கம். தெருவெல்லாம் ஒளிரும்போது அந்த ஒரு வீட்டு வாசல் மட்டும் இருட்டாக நிற்கும். துக்க வீட்டில் குடில் வைக்கலாமா என்று தயங்குகிறார்கள். எங்கே ஊரார் தவறாகப் பேசுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

தாராளமாக வைக்கலாம் என்பதே நம் பதில். நட்சத்திரம் வேண்டாம் என்று மனம் சொன்னால் விட்டுவிடுங்கள், பாட்டும் வேண்டாம். ஆனால் குடிலை ஆடம்பரங்களின் பட்டியலில் சேர்த்தது நம்முடைய அலங்காரங்கள்தான்; அது தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. சொந்த ஊரை விட்டு வந்து, விடுதியிலும் இடம் கிடைக்காமல் நின்ற ஒரு குடும்பத்தின் இரவு அது. கணவரைப் பறிகொடுத்த பெண்ணும், அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமசைச் சந்திக்கும் பிள்ளைகளும் அந்த இரவுக்குள் நுழைய முடியாது என்றால் வேறு யார் நுழைவது? ஒரு தட்டில் வைக்கோல், ஒரு மெழுகுதிரி, இருப்பதில் ஒரு சுரூபம்; அவர்களுக்கு அது போதும். அண்டை வீட்டார் நாமும், கேழ்வரகு முளைத்த சிரட்டைகளில் ஒன்றை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, சற்று உட்கார்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி அவர்களோடு செபித்துவிட்டு வரலாம். பலகாரத் தட்டை வாசலில் நீட்டிவிட்டுத் திரும்புவது எளிது. உட்காருவதுதான் கடினம்.

குடிலை 26ஆம் தேதியே கலைத்துவிடாதீர்கள். ஞானிகள் மூவரையும் வீட்டின் வேறொரு மூலையிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, திருக்காட்சிப் பெருவிழாவன்று குடிலுக்குள் கொண்டுவரலாம். ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்து பிறப்புக் காலம்தான். அது முடிந்ததும் சுரூபங்களைப் பழைய துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். கேழ்வரகுப் பயிரை ஆட்டுக்குக் கொடுக்கலாம். கிரேச்சோ குடிலின் வைக்கோலை அவ்வூர் மக்கள் பத்திரப்படுத்தி, நோயுற்ற தங்கள் கால்நடைகளுக்குக் கொடுத்ததாகச் செலானோ தோமா எழுதுகிறார். நம் வீட்டுக் குடிலின் வைக்கோலையும் பக்கத்தில் மாடு வளர்ப்பவர் யாராவது இருந்தால் அவரிடமே சேர்த்துவிடுவோம்.