பதினெட்டு நாள் கூத்தும் கட்டியக்காரனின் நகைச்சுவையும்

சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த சாமல்பட்டியும், அதன் அக்கம்பக்கத்து ஊத்தங்கரை, போச்சம்பள்ளிச் சிற்றூர்களும், மேற்கே கர்நாடக எல்லையோரம் ஆலைகளால் வளர்ந்த ஓசூரும் 2004ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் அடங்குகின்றன. இம்மாவட்டம் என்றவுடன் வெளியூராருக்கு மாங்கனியும் கருங்கல்லும் ஓசூரின் தொழிற்பேட்டைகளும் நினைவுக்கு வருகிற அளவுக்கு, கோடைதோறும் இங்குள்ள ஊர்களில் நடைபெறும் பாரத விழா நினைவுக்கு வருவதில்லை. திரௌபதியம்மன் கோயிலை மையமாகக் கொண்டு, பகலில் மகாபாரதச் சொற்பொழிவும் இரவில் விடிய விடியத் தெருக்கூத்துமாகப் பெரும்பாலும் பதினெட்டு நாள் நீளும் இவ்விழா, தமிழகத்தின் வடமாவட்டங்களில் இன்றும் உயிரோடிருக்கும் மிகப் பெரிய நாடக விழா என்று சொல்லத் தகுந்தது. ஆயினும் நாடகம் பார்ப்பதற்கென்று பெங்களூருவின் ரங்கசங்கரா அரங்குக்குப் பயணம் செய்யும் ஓசூர்க்காரர்களில் பலரும் தங்கள் மாவட்டத்திலேயே நடக்கும் இதனைக் கோயில் சடங்கு என்ற அளவில் கருதி ஒதுக்கிவிடுகின்றனர்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விழாவை எடுத்துக்கொள்வோம். உலகில் இன்று நாடக ரசிகர்கள் பெரிதும் பேசும் விழா ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடப்பதாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் 1947ஆம் ஆண்டு அங்கே பன்னாட்டுக் கலைவிழா ஒன்று தொடங்கப்பட்டபோது, அழைப்புப் பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த இடங்களில் நடித்துக் காட்டின. அந்தத் துணிச்சலிலிருந்து வளர்ந்ததே ‘ஃபிரிஞ்ச்’ என்று வழங்கும் புறவிழா. அதற்குத் தேர்வுக்குழு கிடையாது. இடம் அமர்த்திப் பதிவுக் கட்டணம் செலுத்தும் எக்குழுவும் மேடையேறலாம். ஆகஸ்டு மாதத்தில் தேவாலயக் கூடங்களும் மதுக்கடை மாடிகளும்கூட அரங்குகளாகிவிட, பார்வையாளர் ஏறத்தாழ ஒரு மணி நேரக் காட்சிகளைத் தாமே தேர்ந்துகொண்டு ஓர் அரங்கிலிருந்து இன்னோர் அரங்குக்கு நடந்துபோய்ப் பார்க்கின்றனர். ஒருவரே ஒலிவாங்கியின் முன் நின்று கூட்டத்தோடு பேசிச் சிரிக்க வைக்கும் ‘ஸ்டாண்ட் அப்’ நகைச்சுவைக்கு அவ்விழாவில் பெரும் பங்கு உண்டு.

பாரத விழாவின் அமைப்பு வேறு. குழுவைத் தேர்ந்தெடுப்பது ஊர். செலவை ஏற்பதும் ஊர். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்து, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துக் கூத்துக் குழுவை அமர்த்துகிறார்கள். ஆகவே நுழைவுச்சீட்டு என்பதே இல்லை, எந்த ஊரிலிருந்து வந்தவரும் பாயை விரித்து உட்காரலாம். எடின்பரோவில் பார்வையாளர் காட்சியைத் தேடி நடக்கிறார். இங்கே கதை முழுவதும் ஓரிடத்துக்கு வந்து, நாளுக்கு ஒரு பகுதியாகத் தன்னை விரிக்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தை, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அக்காப்பியத்தை, பாடிப் பொருள் சொல்கிறார். அன்றைய பகுதியே இரவில் நடிப்பாகிறது. காதால் கேட்ட கதையைச் சில மணி நேரத்துக்குள் கண்ணால் காணும் இந்த ஏற்பாட்டால், எழுத்தறியாத முதியவரும் களத்தில் நடப்பதை நுணுக்கமாக எடைபோடும் தகுதி பெற்றுவிடுகிறார். நடிகர் ஓர் அடியை விட்டால் முன்வரிசையிலிருந்து அதனை எடுத்துக் கொடுக்கும் பெரியவர்கள் சிற்றூர்களில் உண்டு.

இரவு பத்து மணி அளவில், ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது டோலக்கு, தாளம், சில குழுக்களில் முகவீணை ஆகியவற்றோடு பின்பாட்டுக்காரர்கள் பின்னிருக்கையில் அமர்ந்த பிறகு, கடவுள் வாழ்த்து முடிந்ததும் முதலில் வருபவன் கட்டியக்காரன். சில வட்டாரங்களில் கோமாளி என்றும் அவனை அழைப்பர். அரசனின் வருகையை அறிவிப்பது அவனது முறையான தொழில். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே வேடதாரி நின்று, முகத்தைக் காட்டாமலே தன் பெருமையைப் பாடுவான். இதனைத் திரைப்பாட்டு என்பர். கட்டியக்காரன் திரையருகே சென்று, நீர் யார், எந்த நாட்டுக்கு உரியவர், எதற்காக வந்தீர் என்று வினவுவான். திரை விலகியதும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கண்ணாடிச் சில்லுகளின் ஒளியில் மின்ன, அரிதாரம் பூசிய முகத்தோடு துரியோதனனோ கர்ணனோ சுழன்றாடி வரும் கணம், கூத்தின் மிக அழகிய கணங்களுள் ஒன்று. அந்த அணிகலன்கள் எடை குறைந்த மரத்தில் செதுக்கப்படுவதால்தான், அவற்றை அணிந்தவர் இரவெல்லாம் சுழல முடிகிறது. கட்டை கட்டி ஆடும் கூத்து என்பதால் கட்டைக்கூத்து என்ற பெயரும் இதற்கு உண்டு.

கட்டியக்காரனைக் கூத்தின் இடைவெளிகளை நிரப்பும் விதூடகன் என்று எண்ணுவது பெரும்பிழை. கூத்தைக் கூத்தாக்குபவனே அவன்தான். அரசன் செந்தமிழில், நீண்ட அடுக்குமொழிகளில் பேசுகிறான். கட்டியக்காரன் அதையே ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லும்போது, பொருள் விளங்குவதோடு அரசனின் வீறாப்பும் அம்பலமாகிறது. அவன் ஒரே இரவில் காவலாளி, தூதன், தேரோட்டி, தோழி என்று எத்தனையோ ஆளாக மாறுகிறான். அத்தினாபுரத்தில் நின்றுகொண்டே ஊராட்சித் தேர்தலைப் பற்றியும், தண்ணீர் வராத குழாயைப் பற்றியும், வாரச்சந்தை விலையைப் பற்றியும் பேசுகிறான். விழாவுக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதரைக் கூட்டத்தின் நடுவே கேலி செய்யும் உரிமையும் அவனுக்கே உண்டு. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் நாள்தோறும் காதில் விழுகிற இந்த எல்லைப்பகுதியில், ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிச் சிரிக்க வைப்பது அவனுக்குக் கைவந்த கலை. எழுதி வைத்த உரை அவனுக்கு மிகக் குறைவு. அன்றைய ஊர், அன்றைய கூட்டம், முன்வரிசையில் தூங்கிவிழும் ஒருவர் என எதிர்ப்படுவதெல்லாம் அவனுக்குக் கருப்பொருள். நகரங்களில் தனிநபர் நகைச்சுவையாளர்கள் புதுமையாகச் செய்வதாகக் கருதப்படும் பார்வையாளர் உரையாடலை, இவன் தலைமுறைகளாகச் செய்துவருகிறான்.

நகைச்சுவைக்குக் கதைக்குள்ளேயே இடம் வைத்திருப்பது பாரதத்தின் தனிச்சிறப்பு. விராடபருவத்தில், பெண்களின் முன் வீரம் பேசிப் புறப்பட்ட உத்தரகுமாரன் கௌரவர் சேனையைக் கண்டவுடன் தேரிலிருந்து குதித்து ஓட, பேடி வடிவில் இருக்கும் அர்ச்சுனன் அவனைத் துரத்திப் பிடிக்கும் பகுதியும், கீசகனை ஏமாற்ற வீமன் பெண் வேடமிட்டுக் காத்திருக்கும் பகுதியும், வேறொரு நாடகத்தில் திரௌபதி குறத்தியாக வந்து குறி சொல்லும் பகுதியும் கூட்டத்தைக் குலுங்கச் சிரிக்க வைக்கின்றன. ஆனால் கட்டியக்காரனின் முழுத் திறமை வெளிப்படுவது துயரக் காட்சிகளின் அருகில்தான். துகிலுரியும் இரவில், துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றுவதற்கு முன்புவரை சிரிப்பை மூட்டிக்கொண்டிருந்த அவன், அந்தக் கணத்தில் வாயடங்கி ஒதுங்குவான். சற்றுமுன் சிரித்ததே கூட்டத்துக்குக் குற்றமாகத் தோன்றும்படி களம் மாறிவிடும். நகைச்சுவையில் இத்தகைய அளவறிவு பல நவீன நாடகங்களில்கூடக் காணக் கிடைப்பதில்லை. கர்ணமோட்ச நாடகத்திலும் இதுவே நிகழ்கிறது. கணவனின் பிறப்பை இகழும் பொன்னுருவிக்கும், சாவை எதிர்நோக்கிப் போருக்குப் புறப்படும் கர்ணனுக்கும் நடுவில் அவன் பேசும் வேடிக்கை, பின்னால் வரும் பிரிவை இன்னும் கனமாக்குகிறது. இறந்தோருக்கான கருமக் கிரியை இரவுகளிலும் இந்நாடகத்தை நடத்தும் வழக்கம் இருப்பதால், துக்க வீட்டாரையும் சிரிக்க வைக்கும் பொறுப்பு அவனைச் சேர்கிறது.

குறை சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு கூட்டத்தை விழிக்க வைக்கும் பொருட்டுச் சில குழுக்கள் பெண்களை இழிவுபடுத்தும் இரட்டைப் பொருள் வசனங்களில் இறங்கிவிடுகின்றன. சினிமா மெட்டுகளை இடைச்செருகுவதும் பெருகிவிட்டது. ஊர் கேட்பதால் செய்கிறோம் என்று கலைஞர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நல்ல கட்டியக்காரன் அதைச் செய்யாமலே விடியும்வரை கூட்டத்தைக் கட்டி வைக்கிறான் என்பதும் உண்மையே.

கூத்துக்கு வந்திருக்கும் நெருக்கடி கலையின் உள்ளிருந்து மட்டும் வரவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்வு அளிக்கலாம். பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடியும் கலைக்கு இந்தக் கணக்கு பொருந்துவதேயில்லை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் ஊரடங்குகள் விழாக்கள் மிகுந்த கோடையிலேயே விழுந்ததால், ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அந்தச் சில மாதங்களில் ஈட்டும் கலைஞர்கள் கூலி வேலைக்குப் போக நேர்ந்தது. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இயங்கினாலும், வாரியத்தின் உறுப்பினர் அட்டை கூத்துக்கு அழைக்கும் ஊரை உண்டாக்கித் தந்துவிடாது.

கலையைக் காக்கும் முயற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. காஞ்சிபுரம் பகுதியில் பெ. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990ஆம் ஆண்டு தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர் 2002இல் ஒரு குருகுலத்தை நிறுவி, ஆண்களே ஆடிவந்த இக்கலையைச் சிறுமியருக்கும் கற்பித்தது. திருவண்ணாமலை மாவட்டம் புரிசை கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரான் மரபினர், பாரதக் கூத்துகளோடு பிரெக்ட், மார்க்வெஸ் ஆகியோரின் படைப்புகளையும் கூத்து வடிவில் தந்ததுடன், அவர் நினைவாக நடத்தும் விழாவில் நவீன நாடகக் குழுக்களையும் வரவழைக்கின்றனர். நகரத்து நாடகக்காரரும் உழவர் குடும்பங்களும் ஒரே மண்தரையில் அமர்ந்து விடியும்வரை பார்க்கும் அவ்விழாவே, தமிழகத்தில் எடின்பரோவின் உணர்வுக்கு மிக நெருங்கியது.

சாமல்பட்டிப் பக்கம் முதன்முறை கூத்துக்குச் செல்ல விரும்புவோர் ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் விழா அறிக்கையைப் பார்த்தால் போதும். எந்த இரவில் எந்த நாடகம் என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும். பதினெட்டு இரவும் விழிக்க இயலாதவர் சிரிப்புக்காக விராடபருவத்தையும், நடிப்புக்காகத் துகிலுரிதலையும் கர்ணமோட்சத்தையும் தேர்ந்துகொள்ளலாம். திரை பிடிக்கும் இடத்துக்கு எதிரே அமர்வது நல்லது. வேடம் புனையும் இடத்தைத் தொலைவிலிருந்து பணிவோடு பார்க்கப் பெரும்பாலான குழுக்கள் அனுமதிக்கின்றன. நடுவில் உறக்கம் வந்தால் அங்கேயே தலைசாய்த்துவிட்டுப் பின்னர் எழுந்து தொடரலாம்; ஊராரும் அப்படித்தான் பார்க்கின்றனர். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் அது நிறைவு நாளாக இருக்கட்டும்: துரியோதனன் படுகளம் பட்டப்பகலில், வெட்டவெளியில் மண்ணால் செய்து கிடத்திய பேருருவத்தைச் சுற்றி நடைபெறுகிறது, வீமன் தொடையைப் பிளந்த பின் திரௌபதி கூந்தலை முடிக்கிறாள், மாலையில் பக்தர்கள் தீ மிதிக்கின்றனர். அந்தப் பேருருவத்தின் மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஊரே முண்டியடிக்கும் என்பதால், காலையிலேயே போய் இடம் பிடித்துவிட வேண்டும்.